படகு மோட்டாருக்கு எந்த டூ-டி ஆயில்? புதிதாக அவுட்போர்டு வாங்கியவர்களுக்கு

மும்பையில் நம் ஆட்கள் படகு வாங்குவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. தூத்துக்குடிப் பக்கமோ ராமநாதபுரம் பக்கமோ ஏதோ ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, பிழைப்புக்கென்று தாராவிக்கோ சயான் கோலிவாடாவுக்கோ வந்து, இருபது வருடம் வேறு வேலை பார்த்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கடல் ஞாபகம் வந்துவிடும். மாஹிமிலோ வெர்சோவாவிலோ ஒரு கோலி நாக்வாவிடம் (மும்பை மீனவப் படகுக்காரரிடம்) பழக்கம் பிடித்து, சின்ன ஃபைபர் படகில் பங்கு போட்டு, யாரோ ஓட்டிக் கழித்த 9.9 அல்லது 15 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை வாங்கிவிடுவார்கள். அன்றைக்கு ராத்திரியே எனக்கு போன் வரும். "அண்ணே, மோட்டார் வந்தாச்சு. பக்கத்துக் கடையில டூ-டி ஆயில் இருக்கு, அதையே ஊத்திரலாமா?"

ஊற்ற வேண்டாம். டூ-டி என்றால் டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலோடு கலந்து எரியும் ஆயில், ஆனால் கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது ஸ்கூட்டருக்கானது. மாஹிம் பக்கம் 16 வருடமாக அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் மாட்டும் மோட்டார், பழுது பார்க்கிறேன், என்னிடம் பிரித்துப் போட்ட நிலையில் வரும் டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் பாதிக்கு மேல் ஆயிலில் செய்த தவறால் வருபவைதான், அந்தத் தவறுகள் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் நின்று யோசித்திருந்தால் நடந்திருக்காது. அதனால் போனில் அரைகுறையாகச் சொல்வதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் மோட்டார் எது என்று பாருங்கள்

மேல் மூடியைக் கழற்றுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியும், ஆயில் ஊற்றத் தனி மூடியும், ஆயில் ஃபில்டரும் இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக், அதன் பெட்ரோலில் எந்த ஆயிலையும் கலக்கக் கூடாது, நீங்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. அவை எதுவும் இல்லையென்றால் டூ ஸ்ட்ரோக். யமஹா எண்டியூரோ மாதிரி கரையோரம் அதிகம் உழைக்கும் சின்ன மோட்டார்களில் பெட்ரோல் டேங்கிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும்.

சில மோட்டார்களில் மூடிக்கு உள்ளேயோ படகின் ஓரத்திலோ ஆயிலுக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் டேங்க் இருக்கும், ஒரு சின்ன பம்ப் அதிலிருந்து தேவையான அளவை எடுத்துக்கொள்ளும். பழைய மோட்டார் வாங்கும்போது இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். முன்னால் வைத்திருந்தவர் அந்தப் பம்ப் பழுதானதும் அதைக் கழற்றிவிட்டு, பெட்ரோலில் நேரடியாகக் கலந்து ஓட்டியிருப்பார், ஆனால் ஆயில் டேங்க் மட்டும் அழகாக அதன் இடத்திலேயே இருக்கும். நீங்கள் அதை நம்பி வெறும் பெட்ரோல் ஊற்றினால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே விற்றவரிடம் கேளுங்கள், அவர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், டேங்கில் ஆயில் நிற்கும் உயரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, முதல் சில பயணங்களுக்குப் பெட்ரோலிலும் 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) கலந்து ஓட்டுங்கள். கோட்டிலிருந்து ஆயில் இறங்கிக்கொண்டே வந்தால் பம்ப் வேலை செய்கிறது. அப்புறம் பெட்ரோலில் கலப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

எவின்ரூட் ஈ-டெக், மெர்க்குரி ஆப்டிமாக்ஸ் போன்ற பெரிய நேரடி இன்ஜெக்‌ஷன் டூ ஸ்ட்ரோக் யாரிடமாவது வாங்கியிருந்தால் அந்த மோட்டாரின் கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். எவின்ரூட் தயாரிப்பே 2020-இல் நின்றுவிட்டது, ஆனால் மோட்டார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஸ்கூட்டர் ஆயில் ஏன் கூடாது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயிலைத் தேக்கி வைக்க அடியில் கிண்ணம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் கார்பரேட்டர் வழியாக கிராங்க் அறைக்குள் போய், பேரிங்குகளை நனைத்து, கனெக்டிங் ராடின் இரண்டு முனைகளிலும் படிந்து, சிலிண்டர் சுவரில் மெல்லிய படலமாகப் பரவி, கடைசியில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து வெளியே போகிறது. ஒரு சொட்டு ஆயில் உள்ளே ஒரே ஒரு தடவைதான் பயணம் செய்யும். அந்த ஒரு பயணத்தில் அது இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: போகும் வழியெல்லாம் உராய்வைக் குறைக்க வேண்டும், எரியும்போது பின்னால் எதையும் விட்டுச்செல்லாமல் எரிய வேண்டும்.

பழைய ஸ்கூட்டரும் பழைய ஆட்டோவும் மரம் அறுக்கும் மெஷினும் காற்றில் ஆறுபவை. அவற்றின் சிலிண்டர் நன்றாகக் கொதிக்கும். அந்தச் சூட்டிலும் பிஸ்டனைச் சுத்தமாக வைத்திருப்பதற்காக அவற்றின் ஆயிலில் கால்சியம் போன்ற உலோகம் சேர்ந்த ரசாயனங்களைப் போடுவார்கள். உலோகம் எரிந்து காணாமல் போகாது, சாம்பலாக மிஞ்சும். நின்று நின்று ஓடும் ஸ்கூட்டர் அந்தச் சாம்பலைத் தாங்கிக்கொள்ளும்.

படகு மோட்டாரின் நிலைமை வேறு. அது கடல் தண்ணீரையே உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, வெளியே துப்புகிறது. சிலிண்டர் சுவர் ஸ்கூட்டரை விட எவ்வளவோ குளிர்ந்திருக்கும். ஆனால் வேலையோ ஓயாத வேலை. சாலையில் இறக்கம் வரும், சிக்னல் வரும், ஆக்ஸிலேட்டரை விடுவோம். தண்ணீரில் அப்படி ஒன்றும் கிடையாது, கரையை விட்டுக் கிளம்பினால் ஒரு மணி நேரம் ஒரே இழுவையில் முழு வேகத்தில் போகிறோம். இந்த மாதிரி என்ஜினுக்குள் சாம்பல் விழும் ஆயிலை ஊற்றினால் அது பிஸ்டன் தலையிலும் பிளக் முனையிலும் பொருக்குப் பொருக்காகப் படிகிறது. முழு வேகத்தில் அந்தப் பொருக்கு கனன்று, பிளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இப்படித்தான். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தங்கள் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் குறையும், 15 குதிரை மோட்டார் 8 குதிரை மாதிரி இழுக்கும்.

படகு ஆயிலில் இதற்காகவே சாம்பல் தராத, உலோகம் இல்லாத சுத்தப்படுத்தும் பொருள்களைப் போடுகிறார்கள். குளிர்ந்த என்ஜினில் அவை நன்றாக வேலை செய்யும், உப்புக்காற்றில் பேரிங் துருப்பிடிக்காமலும் அந்த ஆயில் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஸ்கூட்டரின் சூட்டுக்கு அவை தாங்காது. ஆகவே படகு ஆயில் விலை அதிகம், நல்ல ஆயில், மிச்சத்தை வண்டிக்கு ஊற்றுவோம் என்றும் செய்யாதீர்கள்.

நான் இதை ஒரு மோட்டாரைப் பறிகொடுத்துக் கற்றேன். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம். நானும் என் சிநேகிதரும் பங்குக்கு வாங்கிய 15 குதிரைத்திறன் மோட்டார் அது. ஒரு கடையில் பெரிய ட்ரம்மிலிருந்து லிட்டர் கணக்கில் அளந்து கொடுத்த ஆயிலை மலிவாக இருக்கிறதே என்று நான்கு மாதம் ஊற்றினோம். புகை கொஞ்சம் அதிகம், மற்றபடி குறை தெரியவில்லை. ஒரு நாள் மட் தீவுக்கு வெளியே வலையை இழுத்தெடுத்துவிட்டுத் திரும்புகிறோம், வத்தம், அதாவது கடல் வற்றும் நேரத்து நீரோட்டம், வேகமாக வெளியே இழுக்கிறது, மோட்டார் மெல்ல மெல்ல வலுவிழந்து நின்றேவிட்டது. கயிற்றை இழுத்தால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் லேசாகச் சுற்றுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. பிரித்துப் பார்த்தபோது இரண்டு பிஸ்டன்களிலும் ரிங்குகள் அசையவில்லை, பிஸ்டன் தலையில் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு பொருக்கு, புகை வெளியேறும் துளை பாதி அடைத்திருந்தது. அந்த ட்ரம்மில் இருந்தது என்ன ஆயில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திறந்த ட்ரம்மிலிருந்து அளந்து தரும் ஆயிலை அதற்கப்புறம் நான் தொட்டதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

டப்பாவில் எதைத் தேடுவது

மூன்று எழுத்தும் ஒரு எண்ணும்: டிசி-டபிள்யூ3 (TC-W3). டூ சைக்கிள், வாட்டர் கூல்டு, மூன்றாவது தலைமுறை என்று அர்த்தம். அமெரிக்காவில் படகுத் தொழில் செய்பவர்களின் சங்கமான என்எம்எம்ஏ கொடுக்கும் சான்று இது, 1990-களில் வந்தது, இன்றைக்கும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு கையேடுகள் கேட்பது இதைத்தான். ஆயிலை உண்மையான அவுட்போர்டுகளில் ஓடவிட்டு, ரிங் ஒட்டுகிறதா, பொருக்குப் படிகிறதா, துருவைத் தடுக்கிறதா, பெட்ரோலில் சீராகக் கலக்கிறதா என்று பார்த்துத் தரும் சான்று.

டப்பாவைத் திருப்பி சின்ன எழுத்துகளையும் படியுங்கள். சான்று வாங்கிய ஆயிலுக்கு ஆர்எல் (RL) என்று தொடங்கும் ஒரு எண் கொடுத்திருப்பார்கள், டிசி-டபிள்யூ3 முத்திரைக்குப் பக்கத்தில் அதைத் தேடுங்கள். "டிசி-டபிள்யூ3 தரத்துக்கு ஏற்றது", "அதையும் மிஞ்சியது" என்று வெறும் வாசகம் மட்டும் இருந்தால் அது அந்தக் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எண் உள்ளதை எடுங்கள்.

ஜாசோ (JASO) எஃப்பி, எஃப்சி, எஃப்டி, அல்லது ஏபிஐ டிசி (API TC) என்று மட்டும் போட்டிருந்தால் அது காற்றில் ஆறும் என்ஜினுக்கான ஆயில். இங்கே கவனமாக இருங்கள், ஏபிஐ டிசி என்பதையும் டிசி-டபிள்யூ3 என்பதையும் ஒன்றாக நினைத்து வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த டபிள்யூ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கார், பைக் ஆயிலை, அதாவது 20டபிள்யூ-40 வகையறாவை, கையில் வேறு இல்லையே என்று ஊற்றுவதும் உண்டு. அதில் உலோகச் சேர்க்கை இன்னும் அதிகம், பெட்ரோலில் சரியாகக் கரையவும் கரையாது.

மோட்டார் கம்பெனியின் பெயர் போட்ட ஆயில்தான் வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். யமஹாவின் யமாலூப், மெர்க்குரியின் குவிக்சில்வர் எல்லாம் நல்ல ஆயில்கள்தான், கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் கலந்து ஊற்றும் சாதாரண கார்பரேட்டர் மோட்டாருக்கு வேறு நல்ல கம்பெனியின் டிசி-டபிள்யூ3 ஆயிலும் அதே வேலையைச் செய்யும். சின்தெடிக்கா மினரலா என்றால், சின்தெடிக்கில் புகை குறைவு, பொருக்கும் குறைவு. அதற்கு மேல் கொடுக்கும் காசை 15 குதிரை மோட்டாருக்கு நான் பெட்ரோல் ஃபில்டருக்கும் புது பிளக்குக்கும் செலவழிப்பேன். நிறம் நீலமா பச்சையா என்பதில் ஒன்றுமில்லை, பெட்ரோலில் ஆயில் கலந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிவதற்காகப் போடும் சாயம் அது. ஒரு கம்பெனி ஆயில் பாதி இருக்கும்போது வேறு கம்பெனி டிசி-டபிள்யூ3 ஆயிலை அதே டேங்கில் சேர்த்தாலும் பாதகமில்லை.

வாங்கும் இடத்தில் ஒரு விஷயம். மும்பைக் கடைகளில் "டூ-டி ஆயில் தேனா" என்று கேட்டால் ஸ்கூட்டர் ஆயில்தான் கைக்கு வரும். அவுட்போர்டு ஆயில் என்று சொல்லிக் கேளுங்கள். மோட்டார் டீலரிடம் கேட்கலாம், சசூன் டாக் பக்கம் படகுச் சாமான் விற்பவர்களிடம் கேட்கலாம், நாக்தேவி தெரு மெஷின் சாமான் கடைகளிலும் விசாரிக்கலாம். எங்கே வாங்கினாலும் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பார்த்து வாங்குங்கள்.

அளவு

கையேடும் மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் என்ன சொல்கின்றனவோ அதுதான். பெரும்பாலான கலவை மோட்டார்களுக்கு 50:1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். லிட்டருக்கு 20 மில்லி. 12 லிட்டர் டேங்குக்கு 240 மில்லி, 24 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி. சில மோட்டார்களுக்கு 100:1, அப்போது லிட்டருக்கு 10 மில்லி போதும். புது மோட்டாருக்கும், பிஸ்டன் ரிங் மாற்றிய மோட்டாருக்கும் முதல் 10 மணி நேரம் 25:1 என்று பல கையேடுகள் சொல்லும், அது லிட்டருக்கு 40 மில்லி, அந்தப் பத்து மணி நேரமும் முழு வேகத்தில் வெகுநேரம் விரட்டக் கூடாது. கையேடும் இல்லை, ஸ்டிக்கரும் உரிந்துபோய்விட்டது, மோட்டார் மிகப் பழையதும் இல்லை என்றால் நான் 50:1 போடுவேன். ரொம்பவும் பழைய மோட்டார் என்றால் மாடல் எண்ணை வைத்து விசாரித்துவிட்டே கலப்பேன், அந்தக் காலத்து மோட்டார்கள் சில இதைவிட இரண்டு மடங்கு ஆயில் கேட்பவை.

"கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் என்ஜினுக்கு நல்லதுதானே" என்று நினைப்பவர்கள் அதிகம். கூடுதல் ஆயில் பிளக்கைக் கறுப்பாக்கி நனைக்கும், பொருக்கைச் சேர்க்கும், கரையெல்லாம் புகைக்கும். இன்னொன்றும் உண்டு. கார்பரேட்டர் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் போகும் திரவம் ஒரே அளவுதான், அதில் ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறைகிறது. பெட்ரோல் குறைந்தால் என்ஜின் சூடாகும். குறைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காசுக் கணக்கையும் போட்டுவிடுவோம். 50:1 என்றால் ஒரு லிட்டர் ஆயில் 50 லிட்டர் பெட்ரோலுக்கு வரும். ஆயிலில் லிட்டருக்கு 150 ரூபாய் மிச்சம் பிடித்தால், எரிக்கும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் மிச்சமாவது 3 ரூபாய். அந்த மூன்று ரூபாய்க்காகப் பிஸ்டனையும் சிலிண்டரையும் பணயம் வைக்க வேண்டுமா என்று நீங்களே பாருங்கள்.

கலப்பது எப்படி

டேங்கைப் படகிலிருந்து இறக்கி, காற்றோட்டமான இடத்தில் தரையில் வையுங்கள். பக்கத்தில் பீடியும் அடுப்பும் இருக்கக் கூடாது. ஆயிலை மூடியால் அளக்காதீர்கள், கண்ணாலும் அளக்காதீர்கள், கோடு போட்ட அளவு ஜாடி ஒன்று வாங்கி அதை இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டேங்கில் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல், அதில் அளந்த ஆயில் முழுவதும், மூடி நன்றாகக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடியும் குலுக்கல். ஆயிலை அடியில் ஊற்றிவிட்டு மேலே பெட்ரோலை நிரப்பி அப்படியே கிளம்பினால், முதல் கால் மணி நேரம் என்ஜின் வெறும் ஆயிலைக் குடித்துத் திணறும், கடைசியில் ஆயில் குறைந்த பெட்ரோலில் ஓடும். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வருவதையும் விட்டுவிடுங்கள், அதற்கென்று உள்ள கேன் வேண்டும்.

எத்தனாலும் மழைக்காலமும்

முன்பெல்லாம் இந்தத் தலைப்பே தேவைப்படவில்லை. 2023-இல் சில பம்புகளில் தொடங்கிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அவுட்போர்டு கையேடுகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலானவை 10 விழுக்காடு வரைதான் அனுமதிக்கின்றன. கிடைப்பதை வைத்து ஓட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் அதில் என்ன ஆபத்து என்று தெரிந்து ஓட்ட வேண்டும்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஜூன் மாதத்து மும்பைக் காற்றில் துணியே காயாது, திறந்து கிடக்கும் டேங்க் என்ன ஆகும்? ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி ஓர் அளவுக்கு மேல் போனதும், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். நீங்கள் அளந்து ஊற்றிய ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். டேங்கின் உறிஞ்சு குழாயோ அடியில் இருக்கிறது. என்ஜினுக்குள் முதலில் போவது ஆயிலே இல்லாத எத்தனாலும் தண்ணீரும். சரியான ஆயில், சரியான அளவு, எல்லாம் செய்தும் பேரிங் போய்விட்டது என்று வருபவர்களுக்கு நான் முதலில் டேங்கின் அடியைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

வாங்கும் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். கோடு போட்ட கண்ணாடி ஜாடியில், ஆயில் கலக்காத பெட்ரோல் 90 மில்லி, தண்ணீர் 10 மில்லி, நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். எத்தனால் இல்லையென்றால் அடியில் அதே 10 மில்லிதான் நிற்கும். 20 விழுக்காடு இருந்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு கீழடுக்கு 28 மில்லி பக்கம் ஏறியிருக்கும். திறந்த வெளியில், தீ இல்லாத இடத்தில் செய்யுங்கள், அந்தப் பெட்ரோலை மறுபடி டேங்கில் ஊற்றாதீர்கள்.

அப்புறம் பழக்கங்கள். ஒன்றிரண்டு நாளுக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள், மாதக்கணக்கில் கலந்து வைக்காதீர்கள். டேங்கின் காற்றுத் திருகைப் படகு நின்றதும் மூடுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைப் பெட்ரோல் குழாயில் பொருத்துங்கள், அதன் கிண்ணம் கண்ணாடி மாதிரித் தெரிவதாக இருக்கட்டும். வாரம் ஒரு முறை டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு வெள்ளைப் பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள், இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அந்தப் பெட்ரோல் முடிந்தது. குலுக்கினால் சேர்ந்துவிடும், கூட ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்பதெல்லாம் நடக்காது. அதைக் கடலிலும் கழியிலும் கொட்டாமல் ஒரு கராஜில் கழிவு எண்ணெயோடு சேர்க்கக் கொடுத்துவிடுங்கள், அந்தத் தண்ணீரில்தான் நாம் வலை போடுகிறோம். ரப்பர்க் குழாய்களையும் கையால் அமுக்கும் பம்ப் உருண்டையையும் எத்தனால் ஊறவைத்து மெத்தென்று ஆக்கிவிடும், விரலால் அழுத்திப் பார்த்து மாற்றுங்கள்.

மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடைக்குள் வராத சின்னப் படகுகளும் கச்சான் (தென்மேற்கு) காற்றில் கரையேறித்தான் கிடக்கும். மோட்டார்கள் கெடுவது அந்த இரண்டு மாதத்தில்தான். மே கடைசியிலேயே டேங்கைக் காலி செய்யுங்கள். மோட்டாரைத் தண்ணீர் நிறைந்த ட்ரம்மில் இறக்கி, நல்ல தண்ணீரில் ஓடவிட்டு, பெட்ரோல் குழாயைக் கழற்றி கார்பரேட்டர் காலியாகும் வரை விடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் பம்ப் சக்கரம் கருகிவிடும். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அதே டிசி-டபிள்யூ3 ஆயில் ஒரு ஸ்பூன் விட்டு, கயிற்றை மெதுவாக நாலு தடவை இழுத்து, பிளக்கைத் திரும்பப் போட்டு மூடி வையுங்கள். ஆகஸ்டில் முதல் தடவை கிளப்பும்போது புகையாகத் தள்ளும், பயப்பட வேண்டாம்.

மண்ணெண்ணெய்

கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்கள் கட்டாயம் கேட்பீர்கள். ஊரில் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்கள் அதற்கென்றே அழுத்தம் குறைத்துச் செய்தவை, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், ஆயில் அளவும் அதன் கையேட்டில் தனியாக இருக்கும். இங்கே நீங்கள் வாங்கியது பெட்ரோல் மோட்டார் என்றால், செலவு குறையும் என்று அதில் மண்ணெண்ணெய் சேர்க்காதீர்கள். உள்ளே தட்டல் வரும், பிஸ்டன் போகும், எந்த ஆயிலாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

கீழே இருப்பது வேறு ஆயில்

ப்ரொப்பல்லருக்கு மேலே கியர் பெட்டி இருக்கிறது. அதற்குத் தனி கியர் ஆயில், பெரும்பாலும் 90 எண் படகு கியர் ஆயில், எது என்று கையேட்டில் இருக்கும். டூ-டி ஆயிலை அதற்குள்ளும் கியர் ஆயிலைப் பெட்ரோலிலும் மாற்றி ஊற்றிய இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். மாற்றும்போது கீழ்த் திருகு, மேல் திருகு இரண்டையும் திறந்து வடித்துவிட்டு, கீழ்த் துளை வழியாகவே மேலே வழியும் வரை ஏற்ற வேண்டும், திருகுகளின் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். வடிந்த ஆயில் டீ நிறத்தில் பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, சீல் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

ஓட்டிப் பார்த்துச் சரிபார்ப்பது

நாலைந்து மணி நேரம் ஓடியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்து, பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம், அல்லது மோட்டாரை ரொம்ப நேரம் மெதுவாகவே ஓட்டுகிறீர்கள். கழிக்குள் வலை போடும்போது மணிக்கணக்கில் அப்படித்தான் ஓட்டுவோம், திரும்பும்போது பத்து நிமிடம் வேகமாக ஓட்டினால் பிளக் தெளிந்துவிடும். வெள்ளையாக வெளுத்திருந்தால் மோட்டாரை நிறுத்துங்கள், பெட்ரோல் போதாமல் சூடாகிறது, கார்பரேட்டரைப் பார்க்காமல் மறுபடி கடலுக்குப் போக வேண்டாம். பின்பக்கம் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் பாருங்கள்.

கடைசியாக கேன்கள். என்னிடம் வந்த மோட்டார்களில் மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்த ஒன்று, புதிதாக வாங்கி மூன்று வாரமே ஆன மோட்டார். சரியான ஆயில், அளவு ஜாடி, எல்லாம் வைத்திருந்தார் அந்தத் தம்பி. அவர் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய மச்சான் படகை எடுத்திருக்கிறார், வீட்டில் ஒரே மாதிரி இரண்டு கேன், ஒன்றில் கலந்தது, இன்னொன்றில் பைக்குக்கு வைத்திருந்த வெறும் பெட்ரோல். வெறும் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பிவிட்டார், பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. அதனால் கலந்த கேனுக்கு வேறு நிறம் வைத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் பெயின்ட்டால் "படகு, 50:1" என்று பெரிதாக எழுதுங்கள், கலந்த தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டுங்கள். படகைத் தொடக்கூடிய ஒவ்வொருவரிடமும் அந்தக் கேனைக் காட்டிச் சொல்லிவையுங்கள். அளந்த ஆயில் 240 மில்லி ஒரு சின்ன பாட்டிலில், 12 லிட்டருக்கு என்று எழுதி, படகுப் பெட்டிக்குள் எப்போதும் இருக்கட்டும், வெளியூர்க் கரையில் பெட்ரோல் வாங்க வேண்டி வந்தால் அதைத் தேட வேண்டியிருக்காது.